சிறகு சுருண்ட தேனீ: வைரஸ் எந்த வாசல் வழியாக வருகிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை நானே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிய வேண்டும். பெட்டி வாசலில் தினமும் பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் சிறகு கசங்கி, பறக்க முடியாமல் தரையில் ஊர்கின்றன. பார்த்த ஒருவர் 'இது வைரஸ், பூவிலிருந்துதான் ஒட்டுகிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே வாரத்தில் பக்கத்துச் செடியின் நுனியில் ஒரு புழு தலைகீழாகத் தொங்கிக் கறுத்துப் போயிருந்ததையும் கண்டீர்கள். இரண்டும் ஒரே வியாதியா, தேனீயிடமிருந்து மற்றப் பூச்சிகளுக்கும் பரவிவிடுமா, பூச்செடிகளை வெட்டிவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஒரு பூச்சியிடமிருந்து இன்னொன்றுக்கு வைரஸ் எந்தெந்த வழியாகப் போகிறது, அவற்றில் எதற்கு நாம் பயப்பட வேண்டும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்செடிகளை வெட்ட வேண்டாம். தேனீயும் புழுவும் வெவ்வேறு வியாதி. தேனீக்களின் சிறகு கசங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் 'சிறகு உருக்குலைவு வைரஸ்', நாங்கள் சுருக்கமாக டி.டபிள்யூ.வி என்போம். ஆனால் அந்த வைரஸைப் பிடித்துத் திட்டுவதற்கு முன்னால் அதை உள்ளே கொண்டுவந்து இறக்கிய வரோவா என்ற உண்ணியை, தேனீயின்மேல் ஒட்டி வாழும் அந்தச் சிறு ஒட்டுண்ணியை, தேடுங்கள். பூச்சி நோய்களோடு பல வருடங்களாகப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். ஆனாலும் நேரில் பார்க்காமல் நோயை அறுதியிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெழுகு அந்துப்பூச்சியின் புழு அடைக்குள் நூல் கட்டிக்கொண்டு போனாலும் வெளிவரும் இளம் தேனீயின் சிறகும் காலும் சிதையும். கூட்டுப்புழுப் பருவத்தில் குளிர் தாக்கினாலும் சிறகு கோணலாகும். டி.டபிள்யூ.வி என்றால் சிறகு காய்ந்த இலைபோலச் சுருண்டிருக்கும், வயிறும் குறுகி உப்பியிருக்கும். அப்படிப்பட்டது ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது.

இந்த வைரஸ் புதிதாக முளைத்தது இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த தேனீக்களிடமிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள், அதற்கும் முன்னாலிருந்தே இது தேனீக்களோடு இருந்திருக்க வேண்டும். சுமார் பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ, அதைச் சுற்றி ஒரு புரத உறை, அவ்வளவுதான் அதன் சொத்து. உண்ணி இல்லாத இடங்களில் இது ஒரு சில கூடுகளில், மிகக் குறைந்த அளவில், யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது. இதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்றால், ஹவாய் தீவுகள் நமக்கு ஒரு இயற்கைச் சோதனையையே நடத்திக் காட்டின. அங்கே 2007-இல் ஒவாஹு தீவிலும் 2008-இல் பெரிய தீவிலும் வரோவா உண்ணி வந்து சேர்ந்தது. வேறு சில தீவுகளுக்கு அது போகவில்லை. உண்ணி இல்லாத தீவுகளில் சுமார் 10 சதவீதக் கூடுகளில்தான் டி.டபிள்யூ.வி இருந்தது. உண்ணி நிலைத்த தீவுகளில் அது ஏறக்குறைய எல்லாக் கூடுகளிலும் இருந்தது. ஒரு தேனீக்குள் இருந்த வைரஸின் அளவு பத்து லட்சம் மடங்கு கூடியிருந்தது. முன்பு பல வகைகளாகச் சிதறியிருந்த வைரஸ் குடும்பத்தில் ஒரே ஒரு வகைதான் மிஞ்சி மற்றதையெல்லாம் ஓரங்கட்டியிருந்தது. 2012-இல் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகுதான் எங்களில் பலர் தேனீ வைரஸ்களைப் பற்றி யோசிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டோம். வைரஸும் தேனீயும் இருந்தபடியேதான் இருந்தன. உள்ளே நுழையும் வாசல் ஒன்று மட்டும் புதிதாகத் திறந்தது.

அந்த வாசலை நேரில் பார்க்க நுண்ணோக்கிகூட வேண்டாம். மூடியிட்ட அடை ஒன்றை எடுத்து, ஊதா நிறக் கண் வந்த பருவத்தில் இருக்கும் கூட்டுப்புழுவின் அறையை இடுக்கி முனையால் மெதுவாகத் திறந்து பாருங்கள். புழுவைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்தால் வெள்ளைப் பளிங்குபோல வரும். உண்ணி இருக்கும் அறையாக இருந்தால், அதன் வயிற்றின் அடிப்பக்கம் செம்பழுப்பு நிறத்தில், நீளத்தைவிட அகலம் கூடுதலான, ஒன்றரை மில்லிமீட்டர் அகல நண்டுபோல ஒன்று அவசரமாக ஓடும். அதுதான் தாய். பக்கத்தில் வெளிர் நிறத்தில் அதன் பிள்ளைகள். அறையின் உட்சுவரில், மேல்பக்கம், சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அது உண்ணியின் கழிவு. தேனீ வெளியேறிய பிறகும் அந்தப் புள்ளிகள் இருக்கும், அதை வைத்தே காலி அறையில்கூட இங்கே உண்ணி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்தத் தாய் உண்ணியின் நேரக்கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பணித்தேனீயின் அறைக்கு மெழுகு மூடி போடுவதற்கு ஒரு நாளுக்கும் குறைவான நேரம் இருக்கும்போது உள்ளே நுழைந்து, புழுவுக்கு வைத்திருக்கும் கூழுக்கு அடியில் பதுங்கிக்கொள்கிறது. மூடி விழுந்து சுமார் மூன்று நாள் கழித்து முதல் முட்டை; அது ஆண். பிறகு சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். மூடிய அறைக்குள் 12 நாள்தான் அவகாசம், அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து, அண்ணனும் தங்கைகளும் கூடி, தேனீயோடு சேர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். ஆண் தேனீயின் அறை இன்னும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக மூடியிருப்பதால் உண்ணிக்கு அதுதான் பிடித்த இடம். தாய் கூட்டுப்புழுவின் தோலில் ஒரு துளை போட்டு வைக்கும், பிள்ளைகள் எல்லாம் அதே துளையில் வந்து உறிஞ்சும். உறிஞ்சுவது பூச்சி ரத்தத்தை என்றுதான் பல காலம் பாடம் நடத்தினோம். 2019-இல் வந்த ஆய்வு, வளர்ந்த தேனீயில் அது கொழுப்புத் திசுவைத்தான் தின்கிறது என்று காட்டியது. நம் கல்லீரல் செய்யும் பல வேலைகளைத் தேனீக்குச் செய்வது அந்தத் திசு. கூட்டுப்புழுவில் இருக்கும்போது உண்ணியின் முக்கிய உணவு ரத்தம்தான் என்று 2024-இல் இன்னொரு ஆய்வு வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த படம்தான் இப்போதைக்கு ஏற்கத்தக்கதாக எனக்குப் படுகிறது.

சரி, வாயால் போனால் என்ன, துளை வழியாகப் போனால் என்ன, வைரஸ் ஒன்றுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் மிகப் பெரியது. உணவோடு போகும் வைரஸ் குடலைத் தாண்ட வேண்டும். அங்கே செரிமானச் சாறு இருக்கிறது, குடல் சுவரைப் பாதுகாக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது, சுவரின் செல்களுக்குள் நுழைந்தாலும் வைரஸ் ஆர்.என்.ஏ-வைத் துண்டு துண்டாக வெட்டிப்போடும் பாதுகாப்பு இருக்கிறது. பூச்சிகளுக்கு நம்மைப்போல ஆன்டிபாடி கிடையாது, இந்த வெட்டிப்போடும் வேலைதான் அவற்றின் முக்கிய ஆயுதம். அதனால் வாய்வழியாக நோய் வரவைக்க ஏகப்பட்ட அளவு வைரஸ் வேண்டும், அப்போதும் பெரும்பாலும் வெளியில் தெரியாத லேசான தொற்றுதான் வரும். உண்ணியின் துளை வழியாக இறங்கும் வைரஸுக்கு இந்தச் சுங்கச்சாவடி எதுவும் இல்லை. நேராக ரத்தத்தில். அதுவும் சிறகு உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில். வெறும் ஊசியால் கூட்டுப்புழுவுக்குள் வைரஸைச் செலுத்தினாலே சிறகு சுருண்ட தேனீ வெளிவரும் என்பது ஆய்வகத்தில் பலமுறை பார்த்தது. வளர்ந்த தேனீக்கு அதே ஊசியைப் போட்டால் சிறகுக்கு ஒன்றும் ஆகாது, அது ஏற்கெனவே உருவாகி முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தேனீ சீக்கிரமே கூட்டு வேலையை விட்டு வெளியே தீனி தேடப் போகும், ஆயுளும் குறையும். ஆகவே வாசலில் நீங்கள் எண்ணும் பத்துப் பன்னிரண்டு கண்ணுக்குத் தெரிகிற கணக்கு மட்டும். சிறகு நன்றாக இருந்தும் வைரஸ் சுமக்கும் தேனீக்கள் உள்ளே எத்தனையோ மடங்கு இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டி.டபிள்யூ.வி-யில் 'ஏ', 'பி' என்று இரண்டு முக்கிய வகைகள். 'பி' வகை உண்ணியின் உடம்புக்குள்ளேயே பெருகுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. டெங்கு வைரஸ் கொசுவுக்குள் ஒரு வாரம் பத்து நாள் பெருகிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போகிறதல்லவா, அந்த மாதிரி. 'ஏ' வகை உண்ணிக்குள் பெருகுகிறதா, இல்லை வாயில் ஒட்டிக்கொண்டு சவாரி மட்டும் செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. உலகின் பல பகுதிகளில் 'ஏ' பின்வாங்கி 'பி' மேலேறி வருகிறது என்பது மட்டும் தெளிவு. உண்ணி தூதுவனாக இருக்கும் வரையில், வேகமாகப் பெருகி அதிக அளவில் ரத்தத்தில் மிதக்கும் வகைக்குத்தான் அடுத்த வண்டியில் இடம் கிடைக்கும்.

உண்ணி ஒன்றே வழி என்று மட்டும் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். கூட்டுக்குள் வைரஸ் நடமாடும் பாதைகள் பல, ஒவ்வொரு வைரஸுக்கும் பிடித்த பாதை வேறு. எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது சாக்புரூட் வைரஸ். தேனீக்களின் நோய்களில் வைரஸால் வருவது என்று முதலில் காட்டப்பட்டது இதுதான், 1913-இல். நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல் தலையைத் தூக்கியபடி மல்லாந்து கிடக்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் நீர் கோத்து, இடுக்கியால் தூக்கினால் ஒரு தண்ணீர்ப் பைபோல வரும். அந்த நீர் முழுக்க வைரஸ். இப்போது கூட்டின் சுத்தமான பிள்ளைகள், அதாவது இளம் பணித்தேனீக்கள், அதை இழுத்துப்போட்டுச் சுத்தம் செய்கின்றன. செய்யும்போது பை உடைகிறது, நீர் வாய்க்குள் போகிறது. அவற்றுக்கு வெளிப்படையாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வைரஸ் போய்ச் சேருவது தலையிலுள்ள பால் சுரப்பிகளில். அடுத்த புழுவுக்குக் கூழ் ஊட்டுவது அதே சுரப்பிகள்தான். சுத்தம் செய்கிற கையும் ஊட்டுகிற கையும் ஒன்றாக இருப்பதுதான் இங்கே தொல்லை. கூட்டுக்கு இதற்கும் ஒரு தற்காப்பு உண்டு: தொற்றிய இளம் தேனீ மகரந்தம் தின்பதை விட்டுவிடும், சீக்கிரமே புழு வளர்க்கும் வேலையிலிருந்து விலகி வெளியே போய்விடும். நல்ல காலத்தில் நோய் தானாக அடங்கிப்போவது இதனால்தான்.

உங்கள் பெட்டியில் எந்த இனம் என்று நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். மேற்கத்தியத் தேனீயான ஏபிஸ் மெல்லிஃபெராவாக இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். ஆசியத் தேனீயான ஏபிஸ் செரானாவாக இருந்தால் கதை மாறும். வரோவாவின் சொந்த வீடு அதுதான். இரண்டும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து பழகியவை. அங்கே உண்ணியால் ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருக முடியும், பெருக்கமும் அளவோடு நிற்கும். கடந்த நூற்றாண்டில் மனிதர்கள் மேற்கத்தியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது உண்ணி புது வீட்டுக்குத் தாவியது, அங்கே பணித்தேனீ அறைகளும் திறந்து கிடந்தன. மறுபக்கம், செரானாவுக்கு எமன் சாக்புரூட்தான். தாய்லாந்தில் முதலில் தெரியவந்த அதன் வகை 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. ஆகவே செரானா வைத்திருந்து, புழுக்கள் தண்ணீர்ப் பைபோல இருந்தால், உண்ணியைத் துரத்திப் பயனில்லை.

மற்ற பாதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராணி வழியாக முட்டைக்குப் போகலாம். ஆண் தேனீயின் விந்தில் வைரஸ் இருந்தால் அது ராணியின் விந்துப்பையில் தங்கி, அவள் முட்டையிடும் காலமெல்லாம் கூட வரலாம். இந்தப் பரம்பரை வழி பெரும்பாலும் சத்தமில்லாத தொற்றையே தருகிறது, பிள்ளையைக் கொன்றுவிட்டால் அந்த வைரஸுக்கே வழி அடைபட்டுப்போகும். நாள்பட்ட முடக்கு வைரஸ் என்று ஒன்று, 1963-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் லெஸ்லி பெய்லியும் உடன் இருந்தவர்களும் பிரித்தெடுத்தது. அது உரசலில் பரவும். மழையோ தீனிப் பஞ்சமோ வந்து தேனீக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது உடம்பு மயிர் முறிந்து, முறிந்த இடத்து நுண்ணிய காயம் வழியாக உள்ளே போகும். நோய்பட்டவை நடுங்கும், சில மயிர் கொட்டி எண்ணெய் பூசியதுபோலக் கறுத்து மின்னும், வாசலில் குவியல் குவியலாகச் சாகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பெட்டியில் இருப்பது அதுவாகத் தெரியவில்லை.

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போவதற்குப் பூவைவிட எத்தனையோ சுலபமான வழிகள் இருக்கின்றன. ஒரே நிறத்தில் ஒரே திசையில் வரிசையாகப் பெட்டி வைத்தால் தேனீக்கள் வீடு மாறிப் போகும், வரிசையின் கடைசிப் பெட்டிகளில் கூட்டம் சேரும். நோயில் தளர்ந்த கூட்டில் காவல் குறையும். வலுவான கூட்டுத் தேனீக்கள் அங்கே தேன் கொள்ளையடிக்கப் போகும், தேனோடு உண்ணியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். இஸ்ரேலிய முடக்கு வைரஸைப் பற்றி 2020-இல் வந்த ஒரு ஆய்வு இதைவிட ஒரு படி மேலே போகிறது. அந்த வைரஸ் தொற்றிய தேனீயோடு சொந்தக் கூட்டுக்காரர்கள் வாயோடு வாய் உணவு பரிமாறுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதே தேனீ வேறு கூட்டு வாசலுக்குப் போனால் காவலாளிகள் வழக்கமான முறைப்பு இல்லாமல் உள்ளே விட்டுவிடுகிறார்கள். தொற்றிய தேனீயின் தோல் மேலுள்ள மணம் மாறுகிறது என்பது வரை அளந்திருக்கிறார்கள். வைரஸ் 'வேண்டுமென்றே' செய்கிறது என்று சிலர் எழுதுவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது வைரஸுக்குச் சாதகமாக முடிகிறது, அவ்வளவு சொல்லலாம். பெரிய தூரங்களுக்கு எடுத்துச் சென்றது யார் என்றால் நாம்தான். டி.டபிள்யூ.வி-யின் மரபு வரிசைகளை உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்து ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு, அது மேற்கத்தியத் தேனீயிடமிருந்து, மனிதர் தேனீக்களைக் கொண்டுபோன பாதைகளிலேயே பரவியதைக் காட்டியது.

இப்போது உங்களைப் பயமுறுத்திய பூவுக்கு வருவோம். பூ ஒரு பொதுக் குழாயடி மாதிரி, எல்லோரும் வந்து போகும் இடம். தொற்றிய தேனீ அங்கே கழிவிடும், எச்சில்பட்ட மகரந்தத்தை விட்டுப்போகும். 2010-இல் வந்த ஆய்வில், தான் தொற்றில்லாமல் இருந்த தேனீயின் காலிலிருந்த மகரந்த உருண்டையில்கூட வைரஸ் கண்டார்கள். பதினொரு வகைக் காட்டுத் தேனீ, குளவி இனங்களிலும் கண்டார்கள். 2014-இல் பிரிட்டனில் செய்த ஆய்வு, தேனீக்களில் டி.டபிள்யூ.வி கூடுதலாக இருந்த இடங்களில் பம்பிள் தேனீக்களிலும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது, தொற்றிய பம்பிள் தேனீயின் ஆயுள் குறைவதையும் காட்டியது. 2019-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பூக்களையே பறித்துப் பார்த்தார்கள்: தேனீப் பெட்டிகள் இருந்த இடங்களில் சுமார் ஐந்தில் ஒரு பூவில் வைரஸ் இருந்தது, பெட்டி இல்லாத இடங்களில் ஒன்றில்கூட இல்லை. அப்போது பூ வழியாகப் பரவும் என்பது உண்மைதானே? உண்மைதான். ஆனால் பாதை எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள். பெட்டிக்குள் உண்ணி வைரஸைக் கோடிக்கணக்கில் பெருக்குகிறது, அங்கிருந்து வழிந்துதான் பூவுக்கும் காட்டுத் தேனீக்கும் போகிறது. உங்கள் தேனீக்களுக்குச் சிறகு சுருண்டது பூவிலிருந்து வந்த துளியால் என்பதைவிட, உங்கள் பெட்டியால் பக்கத்துப் பூக்கள் அழுக்காகின்றன என்பதே அதிகம் பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் சொந்தத் தவறிலிருந்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளவி, எறும்பு, ஈ என்று கையில் கிடைத்ததையெல்லாம் நசுக்கி பி.சி.ஆர் (வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று தேடும் சோதனை) செய்து, எல்லாவற்றிலும் டி.டபிள்யூ.வி என்று குதித்துக்கொண்டு போய்க் காட்டினேன். மூத்தவர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி: 'அந்த எறும்பு காலையில் என்ன தின்றது?' செத்த தேனீயைத் தின்ற எறும்பின் வயிற்றில் தேனீ வைரஸ் இருக்கத்தான் செய்யும். சந்தைக்குப் போய்வந்தவன் சட்டையில் மீன் வாடை வந்தால் அவன் மீன் ஆகிவிடுவானா? வைரஸ் ஒரு பூச்சிக்குள் உண்மையாகவே பெருகுகிறதா என்று தெரிய, பெருகும்போது மட்டும் உருவாகும் எதிர் இழை ஆர்.என்.ஏ-வைத் தேட வேண்டும். அதிலும் ஏமாற வாய்ப்பு உண்டு, சோதனையைக் கவனமாக அமைக்காவிட்டால். பிறகு, பெருகினாலும் அந்தப் பூச்சிக்கு அதனால் கேடு வருகிறதா என்பது மூன்றாவது கேள்வி. பம்பிள் தேனீயில் பெருகுகிறது, ஓரளவு கேடும் செய்கிறது என்பது வரை திடமாகச் சொல்லலாம். 'தேனீ வைரஸ் எத்தனையோ பூச்சி இனங்களைத் தாக்கியிருக்கிறது' என்று வரும் நீளமான பட்டியல்களில் பாதிக்கு மேல் முதல் கேள்வியோடு நின்றுவிட்டவை. அவற்றைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, பம்பிள் தேனீக்கு வரோவா கிடையாது. அதனால் அங்கே வைரஸ் மறுபடி வாய்வழி என்ற கடினமான பாதையிலேயே நிற்கிறது.

செடி நுனியில் தொங்கிய புழு எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வயிற்றின் நடுக் கால்களால் கிளையைப் பிடித்து, தலையும் வாலும் கீழே சரிந்து, தலைகீழ் 'வி' போலத் தொங்கியிருந்தால், தொட்டதும் தோல் கிழிந்து பழுப்புத் தண்ணீராக வழிந்தால், அது பாகுலோ வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கிராசரி என்று பயப்படுவதும் இந்தக் குடும்பத்து வைரஸால்தான். இது ஆர்.என்.ஏ வைரஸ் இல்லை, டி.என்.ஏ வைரஸ். தேனீ வைரஸுக்கு ஒரு தூதுவன் கிடைத்தான். இதற்குத் தூதுவன் இல்லை, அதனால் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பல வைரஸ் துகள்கள் ஒரு புரதப் படிகத்துக்குள் உட்கார்ந்துகொள்கின்றன, மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நேர் வெயில்தான் அதற்கு எதிரி. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றதும், புழுவின் நடுக்குடலில் இருக்கும் கடுமையான காரத்தில் படிகம் கரைந்து வைரஸ் வெளியே வருகிறது. வைரஸ் புழுவின் உடம்பு முழுக்கப் பெருகி முடித்ததும் திசுக்களையும் தோலையும் கரைக்கும் நொதிகளை உண்டாக்கி உடம்பையே கூழாக்கிவிடுகிறது. அதற்கு முன்னால் புழுவை உயரத்துக்கு ஏற வைக்கிறது. நாடோடி அந்துப்பூச்சிப் புழுக்களில் 2011-இல் இதற்குக் காரணமான ஒரு தனி மரபணுவையே கண்டுபிடித்தார்கள்: அந்த மரபணுவை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் உயரத்துக்கு ஏறாமல் கீழேயே செத்தன. உயரத்தில் செத்தால் கூழ் கீழே உள்ள இலைகள்மேல் சொட்டும், அடுத்த புழு வந்து மேயும். எல்லாப் புழு வைரஸிலும் இதே மரபணுதான் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது, வேறு சிலவற்றில் முடிவுகள் மாறி வந்திருக்கின்றன.

இந்த வைரஸ்கள் ஆள் தேர்ந்தெடுப்பதில் கறாரானவை, பெரும்பாலும் ஓரிரண்டு நெருங்கிய இனங்களைத் தாண்டாது. அதனால்தான் புழுக்களுக்கு எதிரான உயிரி மருந்தாகவே இவற்றைத் தெளிக்கிறார்கள், தேனீக்குக் கேடில்லை. நுண்ணோக்கி கிடைத்தால் அந்தக் கூழில் ஒரு துளி வைத்து நானூறு மடங்கில் பாருங்கள். பளபளவென்று ஒளி சிதறும் சிறு படிகங்கள் மொய்த்துக் கிடந்தால் சந்தேகம் தீர்ந்தது. இல்லாவிட்டால் பாக்டீரியாவோ பூஞ்சையோ ஆக இருக்கலாம். அவையும் புழுவைத் தொங்கவிட்டுக் கொல்லும்.

மற்றப் பூச்சிகளில் இன்னும் விசித்திரமான பாதைகள் உண்டு. பழ ஈக்களில் சிக்மா என்றொரு வைரஸ், முட்டை வழியாகவும் விந்து வழியாகவும் மட்டுமே போகிறது, ஈயிடமிருந்து ஈக்குத் தொற்றுவதில்லை. 1937-இல் பிரான்சில் சில ஈக்கள் கரியமில வாயு பட்டால் எழாமல் செத்துப்போவதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுகொண்டார்கள். ஆப்பிள் மரத்து அசுவினி ஒன்றில் ஒரு வைரஸ் தொற்றினால்தான் இறகுள்ள பிள்ளைகள் பிறக்கின்றன, அவை பறந்துபோய் வேறு செடியில் வைரஸையும் சேர்த்து இறக்குகின்றன. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு ஒரு வைரஸ் இருக்கிறது, 1963-இல் மலேசியாவில் கண்டது. 1967-இல் சமோவாவில் அதை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். தொற்றிய வண்டு உடனே சாகாமல் கழிவில் வைரஸைக் கொட்டிக்கொண்டே முட்டையிடும் மட்கிய கட்டைகளுக்குப் பறந்து போகும். ஒவ்வொன்றிலும் அதே கணக்குத்தான்: பிள்ளைகள் வழியாகவே போகும் வைரஸ் வீட்டுக்காரரை உயிரோடு வைத்திருக்கிறது, உடம்பு வெடித்துச் சிதறினால்தான் பரவ முடியும் என்ற வைரஸ் கொல்கிறது, ஊசி கிடைத்த வைரஸ் பொறுமையை விட்டுவிடுகிறது. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு, என்றாலும் புதிதாக ஒரு பூச்சி நோயைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? மூடி போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றில், மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை பொருத்திக்கொள்ளுங்கள். புழு அடையிலிருந்து அரைக் கப் தேனீ, சுமார் 300, உள்ளே உதறுங்கள். ராணி அந்த அடையில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு. வலை வழியாக இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு உருட்டி, ஓரிரு நிமிடம் நிழலில் வைத்து, வெள்ளைத் தட்டில் நன்றாகக் குலுக்குங்கள். சர்க்கரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உண்ணிகள் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தேனீக்களைத் திரும்ப விட்டுவிடலாம், கோபமாகத்தான் இருக்கும். 300-க்கு ஒன்பது உண்ணி வந்தால் நூற்றுக்கு மூன்று. பலரும் மருந்து போடத் தொடங்கும் எல்லை அது. பருவத்தையும் இடத்தையும் பொறுத்து இந்த எல்லை மேலும் கீழும் போகும். புழு வளர்க்கும் காலத்தில் உண்ணிகளில் பெரும்பங்கு மூடிய அறைக்குள் இருப்பதால் தட்டில் வருவது உண்மைக் கணக்கில் ஒரு பகுதிதான். சிறகு சுருண்டவை தினமும் பத்து விழுகிற பெட்டியில் ஒன்பதைவிடக் குறைவாக வந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும், அப்போது வேறு காரணத்தைத் தேடலாம்.

வைரஸுக்கு மருந்து கிடையாது. உண்ணிக்கு உண்டு: ஆக்சாலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், தைமால், அமிட்ராஸ். எதை எப்போது எவ்வளவு என்பதை உங்கள் பகுதியில் அனுமதி உள்ள மருந்தின் சீட்டைப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆக்சாலிக் மூடிய அறைக்குள் போகாது, ஃபார்மிக் ஆவி போகும். மருந்து போட்ட மறுநாளே நிலைமை மாறாது. ஏற்கெனவே துளை போடப்பட்ட கூட்டுப்புழுக்கள் இன்னும் இரண்டு வாரம் சிறகு சுருண்டேதான் வெளிவரும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி இரட்டிப்பாகப் போட்டு ராணியை இழந்தவர்கள் உண்டு. ஒன்றிரண்டு தலைமுறைப் புழுக்கள் உண்ணி இல்லாமல் வளர்ந்து வந்த பிறகுதான் கூட்டில் வைரஸ் அளவு இறங்கும். அதுவரை அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தேன் கொள்ளை நடக்காதபடி வாசலைக் குறுக்கிவையுங்கள். தேனை நீங்கள் சாப்பிடலாம். இந்த வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. தட்டில் எத்தனை விழுந்தது, பெட்டியில் எந்த இனம், ஆண் தேனீ அறைகளைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது, இந்த மூன்றையும் எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.